குறிப்பு இல்லாமல் பதிப்பு போகாது

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "நீங்க என்ன வேலை பாக்குறீக?" என்று என்னைக் கேட்டார்கள். "ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் செய்து கொடுக்கிற கம்பெனியில் ரிலீஸ் நோட் எழுதுகிறேன்" என்றேன். "நல்லது, நல்லது" என்று தலையாட்டினார்கள். பிறகு என் கணவரை ஓரமாக அழைத்து, "அது டைப்பிங் மாதிரியா?" என்று விசாரித்திருக்கிறார்கள். அந்த மனிதரும் "ஏறக்குறைய அப்படித்தான்" என்று சொல்லி வைத்தார். லேத் பட்டறை நடத்துகிறவர். இரும்பில் நூலளவு பிசகினாலும் ஒத்துக்கொள்ளாதவர். என் வேலைக்கு மட்டும் 'ஏறக்குறைய' போதுமாக இருந்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

ஆகவே அது என்ன வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராமைச் செய்து ஆஸ்பத்திரியில் போட்டுக் கொடுப்பதோடு கதை முடிவதில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை அதில் எதையாவது மாற்றி, திருத்தி, கூட்டிப் புதுப் பதிப்பாக அனுப்புவோம். என்ன மாறியது, எது சரியானது, வாங்கியவர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அதோடு கூடவே போகிற எழுத்துதான் ரிலீஸ் நோட். முதலில் காகிதமாகப் போனது, பின்னாளில் திரையிலேயே வந்தது. ஆபீசில் அதைச் சுருக்கமாகக் குறிப்பு என்போம். காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. அங்கே குறிப்பு எழுதியே எனக்குத் தலை நரைத்தது.

இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அபிநயா அண்மையில் போன் செய்தாள். "அக்கா, புரோகிராமருங்க எழுதுறதை அப்படியே ஏஐ கிட்ட குடுத்தா அதுவே நோட் எழுதிக் குடுத்துருது. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா இதை அனுப்பலாமா, நிறுத்தி வைக்கணுமான்னு எனக்குப் பிடிபடலை. நீங்க எப்படி முடிவு பண்ணுனீக?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற காரியமா அது? எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது.

என் அப்பா கல்லல் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். நான் படித்தது கணக்கு. கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டது போன் எடுப்பதற்கு. புரோகிராம் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. திட்டு வாங்கித் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டேன். புதுப் பதிப்பு போன மறுநாள் காலையில் நான் வந்து விளக்குமாற்றை ஓரமாக வைப்பதற்குள் போன் அலறும். அப்படி வந்த ஒரு போன் இன்றும் காதில் இருக்கிறது.

"யக்கா, பிரிண்ட் பட்டனைக் காணோம்."

"காணோமா?"

"நேத்து வரைக்கும் இங்குட்டுத்தானே இருந்துச்சு. இப்ப எங்குட்டுப் போச்சு? டாக்டர் சீட்டுக்கு ஆளுக வரிசையில நிக்கிறாக, கண்டபடி வைறாக."

"வலது பக்கம், மேல பாருங்க."

"அங்குட்டு எதுக்குக் கொண்டுபோயி வச்சீக?"

எதற்கு என்று எனக்கும் தெரியாது. உள்ளே போய்ப் புரோகிராமர்களைக் கேட்டேன். அங்கே இருந்தால் அழகாக இருக்கிறது என்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அழகை அவர்கள் செய்துவிட்டார்கள், வசவை நான் வாங்குகிறேன். அடுத்த பதிப்புக்கு என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய் நின்று கேட்டு, அரைப் பக்கம் தட்டச்சு செய்து, சிடி போகிற உறையில் நானே மடித்து வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை போன் வரவில்லை. கம்பெனியின் முதலாளியும் எங்களுக்கு மேலதிகாரியும் ஒருவரே, முத்தையா சார். அவர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மேரி, போன் ரிப்பேரா?" என்றார். நான் அந்த அரைப் பக்கத்தின் நகலைக் காட்டினேன். நின்றுகொண்டே படித்தார். "நல்லா இருக்கு. இனிமே குறிப்பு இல்லாம பதிப்பு போகாது" என்றார். போன் தொல்லை குறைகிறதே என்றுதான் அவர் அந்தச் சட்டத்தைப் போட்டார். பிற்பாடு அது அவர் கழுத்தையே பிடிக்கும் என்று அன்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி அபிநயாவுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரோகிராமர்கள் ஒரு வேலையை முடித்ததும் எங்கள் பொதுப் பதிவில் ஒரு வரி எழுத வேண்டும். அவர்கள் எழுதுவது பெரும்பாலும் 'சரிசெய்தாயிற்று' என்றிருக்கும். எதைச் சரிசெய்தாய்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அப்படிப்பட்ட வரியை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். முன்பு என்ன நடந்தது, இப்போது என்ன நடக்கிறது, அது யார் கண்ணில் படும் என்கிற மூன்றும் வந்தால்தான் எடுத்துக்கொள்வேன். பிறகு எல்லாவற்றையும் பிரிப்பேன். உடனே செய்ய வேண்டியது தலைக்கு வரும். மாறியது அடுத்து. சரியானது அதற்கும் கீழே. வரவேற்பில் இருப்பவருக்கு உள்ளதையும் மருந்து கொடுப்பவருக்கு உள்ளதையும் ஒரே பத்தியில் கலக்கவே மாட்டேன். பழைய குறிப்புகளில் ஒரு எழுத்தையும் அழிக்க மாட்டேன். தப்பாக எழுதியிருந்தால் கீழே திருத்தம் என்று சேர்ப்பேனே தவிர, மேலே இருப்பதை மாற்ற விடமாட்டேன். எந்தப் பதிப்பில் எது மாறியது என்று ஐந்து வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்டாலும் பதில் இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஜெசிந்தாவுக்கு வாசித்துக் காட்டுவேன். ஜெசிந்தா கண்டரமாணிக்கம் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் தலைமை நர்ஸ். எங்கள் புரோகிராமை முதலில் வாங்கியவர்களில் அந்த நர்சிங் ஹோமும் ஒன்று. போனில் நான் வாசிக்க வாசிக்க அவள் ஊசிகளை எண்ணி வைத்துக்கொண்டே கேட்பாள். "அப்படின்னா?" என்று எங்கே கேட்கிறாளோ அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதுவேன். ஒருமுறை நாலு இடத்தில் கேட்டாள். எனக்குக் கோபம் வந்து, "உனக்கு இன்னைக்கு மண்டை வேலை செய்யலை" என்றேன். "உனக்குக் கை வேலை செய்யலை" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

முத்தையா சாரின் முறை வேறு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. குறிப்பின் நகலை வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்து, பச்சை மைப் பேனாவை எடுப்பார். பந்தியில் கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வருகிற மாதிரி, ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வருவார். நடுவில்தான் எங்கள் குறை ஏதாவது இருக்கும். அங்கே பேனா நிற்கும். 'பல்வேறு மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நல்ல மனிதர்தான். தீபாவளிக்கு ஒவ்வொருவர் வீட்டுக்கும் தானே பலகாரம் கொண்டுவந்து கொடுப்பவர். ஆனால் அந்தப் பல்வேறு மேம்பாடுகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

'இன்னும் சரியாகாதவை' என்று ஒரு பகுதியை நான் சேர்த்தபோது எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. பழைய பிரிண்டர்களில் கடைசி வரி வெட்டுப்பட்டு வந்தது. சரிசெய்ய எங்களால் முடியவில்லை. அதை அப்படியே எழுதினேன்.

"நம்ம குறையை நாமளே தண்டோரா போடணுமா மேரி?"

"அவங்களுக்குத் தெரிஞ்ச குறைதான் சார். நமக்கும் தெரியும்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

பச்சைப் பேனாவை மூடி வைத்தார். அந்தப் பதிப்புக்குப் பிறகு பிரிண்டர் பற்றி வந்த போன்களில் யாரும் திட்டவில்லை. "எப்ப சரியாகும்?" என்று மட்டும் கேட்டார்கள். அதிலிருந்து அந்தப் பகுதி நிலைத்துவிட்டது.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லா ஆஸ்பத்திரிகளிலும் ஒரு தலைவலி இருந்தது. ஒரே ஆள் ஒவ்வொரு முறை வரும்போதும் வரவேற்பில் புதிதாகப் பதிந்துவிடுவார்கள். ஒருவருக்கே ஏழெட்டுப் பதிவு இருக்கும். எதில் எந்த வியாதி எழுதியிருக்கிறது என்று டாக்டர் தேட வேண்டும். இதற்கு வழி செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெங்களூரில் இருந்தபடி எங்களுக்கு வேலை பார்த்த கார்த்திக் என்ற பையன் அதைச் செய்தான். கெட்டிக்காரன். பெயர், இனிஷியல், முகவரி, போன் நம்பர் நான்கும் ஒத்திருந்தால் அது ஒரே ஆள்தான் என்று எடுத்துக்கொண்டு எல்லாப் பதிவையும் புரோகிராமே ஒன்றாக்கிவிடும். பதிப்பு போனது. எல்லோரும் பாராட்டினார்கள். மதுரையில் நாலைந்து கிளைகள் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்று எங்களை அழைத்துப் பேச ஆரம்பித்தது. முத்தையா சார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மதுரைக்குப் போய்வந்தார்.

ஒரு நாள் முற்பகலில் ஜெசிந்தா போன் செய்தாள்.

"மேரி, உன் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"என்ன ஆச்சு?"

"காய்ச்சல்னு ஒரு பயலைக் கூட்டியாந்திருக்காக. ரெண்டாங் கிளாஸ் படிக்கிறான். அவனுக்குப் புரோஸ்டேட் ஆபரேஷன் ஆகியிருக்குன்னு காட்டுது. சர்க்கரை மாத்திரை வேற சாப்பிடுறானாம்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் ஆபீசில் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, "பையன் பேரு என்ன?" என்றேன். இனிஷியலோடு சொன்னாள்.

"இது அவனோட தாத்தா பதிவா இருக்குமோ?"

"அவுக ஐயா பேரும் இதுதான். நகரத்தார் வீட்டுப் பிள்ளையில்ல. ஐயா பேரைத்தானே பேரனுக்கு வைப்பாக."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் தெரிந்த வழக்கம் இது. தலைமகனுக்குத் தாத்தாவின் பெயர். அந்தத் தாத்தாவுக்கு அவருடைய தாத்தாவின் பெயர். இரண்டே பெயர்கள் ஒன்று விட்டு ஒன்று மாறி மாறி வரும். அப்படியென்றால் தாத்தாவின் அப்பாவுக்கும் பையனின் அப்பாவுக்கும் ஒரே பெயர். இனிஷியலும் அதே. வீடு ஒன்று. வரவேற்பில் கொடுத்த போன் நம்பரும் ஒன்று, அந்த வீட்டு மருமகளுடையது. எங்கள் புரோகிராமுக்குத் தாத்தாவும் பேரனும் ஒரே ஆள்.

"ஜெசிந்தா, அந்தப் பெரியவருக்கு எந்த மருந்தாச்சும் ஆகாதா?"

"பெனிசிலின் ஆகாது. ஒரு தரம் இங்கனயே உடம்பு தடிச்சு மூச்சு அடைச்சிருச்சு. நாந்தான் பதிஞ்சு வச்சேன்."

"இப்ப திரையில ஒவ்வாமைன்னு இருக்கிற கட்டத்துல என்ன இருக்கு, பாரு."

அவள் பார்த்தாள்.

"இல்லைன்னு இருக்கு மேரி."

உடனே அந்தப் பெரியவரின் காகித ஃபைலில் சிவப்பு மையில் எழுதச் சொல்லிவிட்டுக் கார்த்திக்கைப் பிடித்தேன். அவன் முதலில் நம்பவில்லை. "வரவேற்பில் தப்பாக அடித்திருப்பார்கள்" என்றான். நான் பெயர் வைக்கும் வழக்கத்தைச் சொன்னேன். அவன் ஊர்ப் பக்கம் அப்படி இல்லை. "வயசு?" என்று கேட்டேன். வயதை வரவேற்பில் ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாக அடிக்கிறார்கள், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "எழுபது இருக்கும், எம்பது இருக்கும், போட்டுக்கங்க" என்றுதான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வயது சொல்வார்கள். ஒவ்வாமைக் கட்டத்தையோ காலியாக விட முடியாது. பையன் காய்ச்சலுக்கு வந்தபோது அதில் 'இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு பதிவுகள் மோதினால் பிந்தி எழுதியது நிற்கும் என்பது விதி. பேரனின் 'இல்லை' தாத்தாவின் பெனிசிலினை அழித்துவிட்டது.

கார்த்திக் நல்லவன். சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து, இனி எதையும் தானாக ஒன்றாக்காதபடி மாற்றிவிட்டான். ஆனால் ஏற்கெனவே கலந்ததைப் பிரிக்க வழியில்லை. அழிந்தது அழிந்ததுதான். எங்கள் புரோகிராம் இருக்கும் ஊர்களில் எத்தனை வீடுகளில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்களோ யார் கண்டார்? திருத்தின பதிப்பு அவர்களைக் காப்பாற்றாது. மருந்து கொடுக்கிற கைக்கு விஷயம் போய்ச் சேர்ந்தால்தான் காப்பாற்றலாம். அதற்கு இருந்தது என் குறிப்பு ஒன்றுதான்.

எழுதினேன். முத்தையா சார் காலை மடக்கி உட்கார்ந்தார். இந்த முறை ஓரத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. நேரே நடுவுக்கு வந்தார். முழுப் பத்தியையும் அடித்துவிட்டு, 'பதிவு இணைப்பு வசதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. பல்வேறு மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன' என்று எழுதினார். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"இது போகாது சார்" என்றேன்.

"மேரி, மதுரைக்காரக இந்த வாரம் கையெழுத்துப் போடப் போறாக. இந்த நேரத்துல இதை எழுதுறது, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்ல இருக்கு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா நானே போன் பண்ணிச் சொல்லிருறேன். எழுத்துல வேணாம்."

"போனை யாரு எடுப்பா? மேனேஜர் எடுப்பாரு. ஊசி போடுற பிள்ளைக்கு யாரு சொல்லுவா? அடுத்த வாரம் புதுசா சேர்ற பிள்ளைக்கு யாரு சொல்லுவா?"

"எல்லாரும் பேஷன்ட்டைக் கேட்டுத்தான் போடுவாக."

"கேக்க வேணாம், திரையைப் பாத்தா போதும்னு சொல்லித்தானே சார் இதை வித்தோம்?"

நான் விடவில்லை. "உங்க ஐயா பேரு என்ன சார்?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற" என்று எழுந்துவிட்டார். "நீங்க சரின்னு பதியுங்க. இல்லாட்டி நானே அனுப்பிருவேன்."

குறிப்புக்கு நான் சரி என்று பதிந்தால்தான் பதிப்பு போகும். குறிப்பு இல்லாமல் போகாது என்று அவர் போட்ட சட்டம் அப்படி வளர்ந்திருந்தது. "உங்க கம்பெனி, நீங்க அனுப்பலாம் சார். அனுப்புனா நான் என் பேருல ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தபால் போடுவேன்" என்றேன்.

"வேலை போயிரும் மேரி."

"போகட்டும் சார்."

சொல்லிவிட்டேன். பட்டறையில் வேலை குறைந்திருந்த காலம் அது. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை என் கையால் செய்ய முடியாது. அந்தச் சோற்றை யாரோ ஒருவர் சாப்பிடப் போகிறாரே.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். நான் என் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. கார்த்திக் போனில், "அக்கா, தப்பு என்னுது. என் பேரைப் போட்டு எழுதுங்க. கம்பெனி மேல வராது" என்றான். "குறிப்புல ஆளு பேரு போடுற வழக்கம் இல்லை. நீ சாப்பிடு முதல்ல" என்று அதட்டினேன்.

வழக்கமாகச் சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறவர் அன்று சீக்கிரமே படியேறி வந்தார். என் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பிட உக்காந்தேன். இறங்கலை" என்றார். "எங்க வீட்டுச் சுவத்துல வரிசையாப் படம் மாட்டியிருக்கும், பாத்திருக்கீகள்ல. முத்தையா, பழனியப்பன், முத்தையா, பழனியப்பன். பொறந்ததுலருந்து பாக்குற படம். இன்னைக்குத்தான் பேரை வாசிச்சேன். கீழ ஒரு முத்தையா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கேன். இன்னொரு முத்தையா, என் பேரன், முற்றத்துல சைக்கிள் ஓட்டுது."

அவர் அடித்த பத்தியை நான் திரும்ப எழுதி வைத்திருந்த காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். பச்சைப் பேனாவை எடுத்தார். 'முக்கிய அறிவிப்பு' என்று நான் வைத்த தலைப்பை அடித்து, வேறு எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அது இப்படிப் போனது:

'நிறுத்துங்கள். முதலில் இதைப் படியுங்கள். சென்ற பதிப்பில், ஒரே பெயரும் ஒரே முகவரியும் உள்ள வெவ்வேறு மனிதர்களின் பதிவுகளை எங்கள் புரோகிராம் ஒன்றாக்கிவிட்டது. தாத்தா, பேரன் பதிவுகள் இப்படிக் கலந்திருக்கின்றன. அதில் ஒருவருடைய ஒவ்வாமை விவரம் அழிந்திருக்கலாம். திரையில் இல்லை என்று இருந்தாலும் நம்ப வேண்டாம். ஊசி போடும் முன்பும் மருந்து கொடுக்கும் முன்பும் நோயாளியிடமோ வீட்டாரிடமோ வாய்விட்டுக் கேளுங்கள். இந்தப் பதிப்பு இனி எதையும் கலக்காது. ஆனால் முன்பு கலந்ததைப் பிரித்துத் தராது. தவறு எங்களுடையது.'

அதற்குக் கீழே, வழக்கமே இல்லாமல், தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழ. முத்தையா. நான் சரி என்று பதிந்தேன். ஒவ்வொரு ஊழியரும் திரையைத் திறக்கும்போது இது முன்னால் வந்து நிற்கும்படியும், 'படித்தேன்' என்று அழுத்தாமல் உள்ளே போக முடியாதபடியும் கார்த்திக் செய்து கொடுத்தான். பொழுது சாய்வதற்குள் பதிப்பு போய்விட்டது.

பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஆஸ்பத்திரி முதலாளிகள் போனில் முத்தையா சாரைக் கிழித்தார்கள். ஒன்றிரண்டு பேர் எங்கள் புரோகிராமே வேண்டாம் என்றார்கள். மதுரைக்காரர்கள், "யோசித்துச் சொல்கிறோம்" என்றார்கள். அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபீசில் சிலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருத்தியின் பிடிவாதத்தால் கம்பெனி கவிழப் போகிறது என்று என் காதுபடவே சொன்னார்கள். முத்தையா சார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகம் வாடிக் கிடப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

அப்படி ஒரு நாள், போன் எடுக்கிற பெண்கள் எல்லோரும் பேச்சில் இருந்ததால் ஒரு அழைப்பை நானே எடுத்தேன். கல்லல் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ், பெயர் பாண்டிச்செல்வி. அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.

"மேடம், ஒவ்வாமைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதை மாத்தி எழுதணும். எங்குட்டு அமுக்கணும்?"

"எதுக்கு மாத்துறீக?"

"இல்லைன்னு போட்டிருக்கு. ஆனா அவருக்கு இருக்கு."

"விவரமாச் சொல்லும்மா" என்றேன்.

"ஒரு பெரியவர் கால்ல ஆணி குத்திக்கிட்டு வந்தாரு. புண்ணு சீழ் பிடிச்சிருக்கு. டாக்டர் பெனிசிலின் எழுதிட்டாரு. திரையில பாத்தேன், ஒவ்வாமை இல்லைன்னு இருந்துச்சு. டெஸ்ட் டோஸ் போடலாம்னு ஊசியில எடுத்துட்டேன். இடையில கரண்ட் போயி வந்துச்சு. திரும்பத் திறந்தா உங்க எழுத்து முன்னாடி வந்து நிக்குது. படித்தேன்னு அமுக்காம விடவே மாட்டேங்குது. காலையில வாசிக்காமயே அமுக்கிட்டேன் மேடம், பொய் சொல்லலை. இப்ப என்னதான் எழுதியிருக்குன்னு வாசிச்சேன். வாசிச்சுட்டு அவருட்ட கேட்டேன். 'பெனிசிலினா? அதைப் போட்டா நான் போய்ச் சேந்துருவேனே தாயி. இங்க எழுதி வச்சிருப்பாகளே'ன்னாரு."

"ஊசி?"

"கீழ போட்டுட்டேன். டாக்டர் வேற மருந்து எழுதிட்டாரு."

"அவரு இப்ப எங்க?"

"வெளிய பெஞ்சில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காரு. சீனி பத்தலைன்னு சத்தம் போடுறாரு. மேடம், எங்குட்டு அமுக்கணும்னு நீங்க சொல்லலையே?"

சொன்னேன். இடது பக்கம், கீழே, 'திருத்து' என்று இருக்கும் என்றேன். அவள் எழுதி முடித்து, திரையில் இருப்பதை எனக்கு வாசித்துக் காட்டும் வரைக்கும் போனை வைக்கவில்லை. வைத்த பிறகு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முத்தையா சார் அறைக்குள் போனேன். மதுரைக்கு எழுதுவதற்காக ஏதோ கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கல்லல் பக்கம் ஒரு பெரியவர் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காரு சார்" என்றேன். பிறகு முழுக்கச் சொன்னேன்.

கேட்டு முடித்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்குத் திரும்பப் போன் போடுங்க மேரி" என்றார். "அந்தப் பெரியவருக்கு நல்லாச் சீனி போட்டு இன்னொரு காப்பி வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

போனை எடுத்தேன்.